சொல்லாத வரைக்கும்

சனிக்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு, அறுநூறு பேர் நேரலையில் பார்த்துக்கொண்டிருக்கும்போது, ஜெனோபியா பிக்கெட் ஒரு கேள்வி கேட்டாள். கேட்கும்போது அதில் தப்பு இருப்பதாக அவளுக்குப் படவேயில்லை. நலம் விசாரிக்கிறோம் என்றுதான் நினைத்தாள்.

"உங்க புருஷன் எம்மெட் இப்ப எப்படி இருக்கார், மிஸ்டர் கோர்ட்லேண்ட்?"

சபைப் பாட்டுக்குழுவை நாற்பது வருஷமாக நடத்தும் அவர், அவளுடைய கடை நாற்காலியில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். பாதித் தாடி மழித்தாகிவிட்டது, மீதி நுரைக்குள் இருந்தது. சவரக்கத்தி அவள் வலது கையில். இடது கை விரல்களுக்குக் கீழே அவர் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியதை அவள் உணர்ந்தாள்.

"மிஸ்டர் சக்ஸுக்குப் பரவாயில்ல. விசாரிச்சதுக்கு நன்றி" என்றார்.

முப்பத்தொரு வருஷமாக ஒரே வீட்டில், ஒரே கட்டிலில் கூட வாழ்கிற மனிதரைத்தான் அவர் மிஸ்டர் சக்ஸ் என்றார். கேமராவுக்குப் பின்னால் நின்ற ஆல்தியா, அதாவது ஜெனோபியாவின் மனைவி, வேண்டாம் என்று தலையை இடமும் வலமும் ஆட்டினாள். அப்போதுதான் ஜெனோபியாவுக்குக் கேட்டது தப்பு என்று உறைத்தது. சட்டென்று ஈஸ்டர் பாட்டுகளைப் பற்றிப் பேச்சை மாற்றினாள். அவரும் பிடித்துக்கொண்டு இருபது நிமிஷம் சரளமாகப் பேசினார். கத்தி எங்கேயும் கீறவில்லை. அன்றைக்கு அவள் உருப்படியாகச் செய்த வேலை அது ஒன்றுதான்.

மெம்ஃபிஸில் அந்தக் கடை வாரத்தில் ஐந்து நாள் முடி பின்னுகிற கடை, சனிக்கிழமை மட்டும் பேச்சு. ஆறு வருஷத்தில் அந்த நாற்காலியில் நூறு பேருக்கு மேல் உட்கார்ந்து எழுந்துவிட்டார்கள். எல்லோரும் கறுப்பர்கள், எல்லோரும் ஊர் கண்ணைச் சுருக்கிப் பார்க்கிற காதலோ உடம்போ உள்ளவர்கள். ஆணோடு குடித்தனம் நடத்தும் கோட்டுத் தையல்காரர் வந்திருக்கிறார். தன் காதலியோடு கேக் கடை வைத்திருக்கும் பெண் வந்திருக்கிறாள். பெற்றவர்கள் துரத்திய பிள்ளைகளுக்குக் கூரை தேடிக்கொடுக்கும் திருநங்கை ஒருத்தி மூன்று தடவை வந்துவிட்டாள். தலை இன்னொருத்தர் கையில் இருக்கும்போது மனிதர்களுக்குப் பொய் வராது என்பது ஜெனோபியாவின் கண்டுபிடிப்பு. பேச்சு தயங்கினால் "வாயால சொல்லுங்க" என்பாள், அவர்களும் சொல்லிவிடுவார்கள்.

இந்த வெறி அவளுக்கு வந்த இடம் ஒரு அடக்க ஆராதனை. அவளுடைய சித்தியோடு இருபத்திரண்டு வருஷம் வாழ்ந்த பெண்ணை, சித்தியின் சவப்பெட்டிக்கு ஒன்பது வரிசை தள்ளி உட்கார வைத்தார்கள். அன்று கொடுத்த அச்சுத்தாளில், பேரப்பிள்ளைகள், அக்கம்பக்கத்தார் எல்லோருக்கும் பிறகு, "உற்ற தோழி" என்று கடைசியில் ஒரு வரி. அந்த வரியைப் படித்த நாளிலிருந்து மறைத்துப் பேசுகிற பேச்சு எதைக் கேட்டாலும் ஜெனோபியாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதற்காக அவள் முரட்டுத்தனமாக யாரையும் இழுத்துப் போடுகிறவள் இல்லை. நிகழ்ச்சிக்கு முன்னால் விருந்தாளி கையில் ஒரு அட்டை கொடுப்பாள். எதையெல்லாம் பேசக்கூடாதோ அதை எழுதவேண்டும். அதைக் கண்ணாடி ஓரத்தில் செருகிவைத்துக்கொண்டுதான் கத்திரியைத் தொடுவாள். கோர்ட்லேண்ட் கெயின்ஸும் அட்டையை வாங்கினார், சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார், யோசித்தார், அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நிகழ்ச்சி முடிந்து, ஆல்தியா விளக்குகளை அணைத்ததும், ஜெனோபியா அந்த அட்டையை எடுத்துக் காட்டினாள்.

"நீங்க ஒண்ணுமே எழுதலையே, மிஸ்டர் கோர்ட்லேண்ட். எழுதியிருந்தா நான் வாயைத் திறந்திருப்பேனா?"

அவர் கழுத்துத் துணியைத் தானே அவிழ்த்து, நான்காக மடித்து, நாற்காலி மேல் வைத்தார். "எழுதணும்னு எனக்குத் தோணவே இல்லம்மா. முப்பத்தொரு வருஷத்துல ஒருத்தர்கிட்ட கூட நான் இதைச் சொல்லாதீங்கன்னு கேட்டது கிடையாது. எல்லாருக்கும் தெரியும். யாரும் சொல்ல மாட்டாங்க. பொறந்தநாளுக்கு சபைப் பொம்பளைங்க எங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கேக் கொண்டுவருவாங்க. ஒரே கேக். ரெண்டு மெழுகுவத்தி. நீயும் நம்ம ஆளுதானேன்னு நெனச்சேன்."

"நம்ம ஆளுங்கிறதாலதான் சொன்னேன்" என்றாள் அவள்.

"அது தெரியுது" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

எம்மெட் சக்ஸ் ஆஸ்பத்திரியில் இருந்தார். ஒன்பது நாளுக்கு முன் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு போய்விட்டது, நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. அவருக்காகக் கையெழுத்துப் போடும் உரிமை ரத்த உறவுக்குத்தான், அது மிசிசிப்பியிலிருந்து வந்திருக்கும் அவருடைய அக்கா வெர்லீன். கோர்ட்லேண்ட் அந்த அறைக்குள் போவதும் வருவதும் அவளுடைய சம்மதத்தில்தான். நண்பர் என்று பெயர் எழுதி அனுமதித்திருந்தாள். சட்டப்படி கல்யாணம் செய்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. ஆணும் ஆணும் மணக்கலாம் என்று சட்டம் வந்த வருஷமே எம்மெட் நல்ல கோட்டைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, கிளம்பு போகலாம் என்று நின்றாராம். ஈஸ்டர் பாட்டுக்கச்சேரி முடியட்டும், சபையில் இப்போது சலசலப்பு வேண்டாம் என்றாராம் இவர். ஈஸ்டர் வருஷா வருஷம் வந்துகொண்டே இருந்தது.

அன்று சாயங்காலத்துக்குள் அந்தக் கேள்வி மட்டும் தனியாக வெட்டப்பட்டு ஊரைச் சுற்றிவிட்டது. ஜெனோபியா அசல் பதிவை நீக்கிப் பார்த்தாள், பிரயோஜனமில்லை. பரப்பியவர்களில் ஒருவருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. இதயமும் பூவும் போட்டு வாழ்த்தித்தான் அனுப்பினார்கள். இத்தனை வருஷம் கழித்து ஒருவழியாகச் சொன்னாரே என்று அழுதவர்களும் உண்டு. சொன்னது அவர் இல்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை.

ஞாயிறு காலை ஒன்பதரைக்கு அவள் போன் அடித்தது.

"உள்ள விட மாட்டேங்கிறாங்க" என்றார் கோர்ட்லேண்ட். மூச்சு வாங்கியது. "முன்னாடி மேசையில என் பேரை அடிச்சு எடுத்திருக்காங்க. ராத்திரி எம்மெட்டுக்கு இன்னொரு தடவை வந்துச்சாம். இந்த ரெண்டு நாள் தாண்டுறதே கஷ்டம்னு டாக்டர் சொன்னாராம். அதைக்கூட வாசல்ல இருக்கற காவல்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியுது."

"இருங்க, வர்றேன்."

"வா. நீ ஆரம்பிச்சது."

ஆல்தியாதான் வண்டி ஓட்டினாள். வழியெல்லாம் ஜெனோபியா பேசிக்கொண்டே வந்தாள். வக்கீல் யாரையாவது பிடிக்கலாம், ஆஸ்பத்திரி வாசலில் நம் ஆட்களைத் திரட்டலாம், நூறு பேர் அரை மணியில் வந்துவிடுவார்கள் என்றாள். ஆல்தியா சிவப்பு விளக்கில் வண்டியை நிறுத்தி, "நூறு பேரு வந்து கத்தினா அந்தம்மா கதவைத் திறக்குமா, இல்ல பூட்டுப் போடுமா?" என்று கேட்டாள்.

கோர்ட்லேண்ட் கீழ்த்தளத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். சபைக்குப் போகிற சாம்பல் நிறக் கோட்டு, கழுத்துப் பட்டி. நேற்று இரவே பாஸ்டர் கூப்பிட்டு, இந்த ஞாயிறு ஓய்வெடுத்துக்கொள்ளுங்கள் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டாராம். நாற்பது வருஷத்தில் முதல் ஓய்வு. அவர் கண் லிஃப்ட் கதவிலேயே இருந்தது.

வெர்லீன் பதினோரு மணிக்கு இறங்கி வந்தாள். எழுபத்துநான்கு வயது, நிமிர்ந்த முதுகு, கையில் கறுப்புப் பை. பள்ளிக்கூடத் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். அவள் கணவர் மிசிசிப்பியில் ஒரு சின்ன ஊரில் பாஸ்டர். வந்தவள் உட்காரவில்லை.

"நீதான் அந்தப் பொண்ணா?" என்று ஜெனோபியாவைப் பார்த்துக் கேட்டாள்.

"ஆமாம்மா."

"உன்னை யாரு கேட்டா?"

ஊரில் எத்தனையோ மேடையில் பேசியவள் ஜெனோபியா. இங்கே மெதுவாகத்தான் சொல்ல வந்தது: "உங்களுக்கு இது தெரியாதுன்னு நெனச்சு நான் சொல்லலம்மா. உங்களுக்கு முன்னாடியே தெரியும்தானே?"

"எனக்குத் தெரியாமலா? கிறிஸ்துமஸ்க்குக் கிறிஸ்துமஸ் பெக்கான் பருப்பு ஒரு பெட்டி அனுப்புறேன். பெட்டி மேல ரெண்டு பேரு பேரையும் என் கையாலதான் எழுதுறேன். இவர் ஆபரேஷனுக்கு எங்க சபையில நின்னு ஜெபம் பண்ணச் சொன்னதே நான்தான்." அவள் குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "தெரிஞ்சிருக்கிறது வேற, சொல்றது வேற. சொல்லாத வரைக்கும் என்னை யாரும் கேக்கல. இப்ப கேக்குறாங்க. நேத்து ராத்திரியிலேருந்து பன்னெண்டு போன். அதுல மூணு எங்க சபை மூப்பருங்க. உன் தம்பியோட புருஷன் பக்கத்துல உக்காந்திருக்கானாமே, பாஸ்டரோட சம்சாரம் அதைப் பாத்துக்கிட்டு இருக்காளாமேன்னு கேக்குறாங்க. நான் என்ன பதில் சொல்ல?"

"மிஸ் வெர்லீன்" என்று கோர்ட்லேண்ட் எழுந்தார். "நான் ஓரமா உக்காந்துக்கறேன். கையைக்கூடத் தொடல. பாத்துட்டு இருந்தா போதும்."

அறுபத்தெட்டு வயது மனிதர் அப்படிக் கெஞ்சியதைக் கேட்க ஜெனோபியாவுக்கு உடம்பே கூசியது. வெர்லீனுக்கும் கூசியிருக்க வேண்டும், முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"உங்களை எனக்குப் பிடிக்காம இல்ல, கோர்ட்லேண்ட். இந்தப் பொண்ணு எந்த மெஷின்ல சொன்னாளோ அதே மெஷின்ல, தப்பா சொல்லிட்டேன், ரெண்டு பேரும் சிநேகிதங்கன்னு சொல்லட்டும். அதை நான் அவங்களுக்கு அனுப்பிட்டு உங்களை மேல கூட்டிட்டுப் போறேன்."

அவள் ஜன்னலோரமாகப் போய் நின்றுகொண்டாள். ஜெனோபியா கோர்ட்லேண்டைப் பார்த்தாள். செய் என்று அவர் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. லிஃப்ட் கதவு திறந்து யாரோ பூங்கொத்தோடு உள்ளே போனார்கள். அவர் அந்தப் பூங்கொத்தைப் பொறாமையோடு பார்த்தார்.

வண்டி நிறுத்துமிடத்தில் வைத்து ஆல்தியா போனைப் பிடிக்க மறுத்துவிட்டாள். "உன்னோட பன்னெண்டு வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கேன் ஜெனோ. இதை மட்டும் என் கையால எடுக்கச் சொல்லாத."

"எனக்கு மட்டும் ஆசையா?"

"அப்ப சொல்லாத."

"அவர் சாகறதுக்குள்ள இவர் மேல போகணும், ஆல்தியா. வேற வழி சொல்லு, கேக்குறேன்."

ஜெனோபியா தானே கையை நீட்டிப் போனைப் பிடித்துக்கொண்டு பேசினாள். நேற்று நான் ஒரு வார்த்தையைத் தவறாகச் சொல்லிவிட்டேன். மிஸ்டர் கெயின்ஸும் மிஸ்டர் சக்ஸும் நீண்டகால நண்பர்கள், ஒரு வீட்டைப் பகிர்ந்துகொள்கிறார்கள். பிழை என்னுடையது. இருபது நொடிகூட ஆகவில்லை. "நண்பர்கள்" என்று சொன்னபோது ஒன்பதாவது வரிசையில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணின் பின்கழுத்து அவள் கண்முன் வந்தது. அந்த அச்சுத்தாளை இன்றைக்கு நானே அச்சடிக்கிறேன் என்று தோன்றியது. போட்டு ஒரு நிமிஷத்துக்குள் கீழே எழுத ஆரம்பித்துவிட்டார்கள். எவ்வளவு வாங்கினாய் என்றார் ஒருவர். நீயுமா என்றாள் கேக் கடைக்காரி. அது மற்றதைவிட வலித்தது.

வெர்லீன் அதை இரண்டு முறை பார்த்தாள், யாருக்கெல்லாமோ அனுப்பினாள், முன்மேசைக்குப் போய்ப் பெயரைத் திரும்ப எழுதச் சொன்னாள். "வாங்க" என்றாள். லிஃப்டுக்கு நடக்கும்போது பிடித்துக்கொள்ள ஜெனோபியாவின் கைதான் அருகில் இருந்தது, கோர்ட்லேண்ட் அதைப் பிடித்துக்கொண்டார். மன்னித்துவிட்டார் என்று அதற்கு அர்த்தம் இல்லை.

நான்காவது மாடி அறையில் எம்மெட் சக்ஸ் மூக்கில் குழாயோடு கிடந்தார். வாய் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. அவர் கால்மாட்டில் நின்ற நர்ஸ், சட்டையில் டெல்ஃபின் என்று பெயர் போட்டிருந்தவள், வந்தவர்களைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பானாள்.

"நீங்கதானே மிஸ்டர் கெயின்ஸ்? நீங்க அந்த நாற்காலிக்காரம்மா. அட, ரெண்டு பேரும் சேர்ந்தே வந்துட்டீங்களா." பதிலுக்குக் காத்திராமல் அவளே தொடர்ந்தாள். "நேத்து மதியம் இவருக்கு ஊசி மாத்தும்போது உங்க நிகழ்ச்சியைத்தான் போன்ல கேட்டுட்டு இருந்தேன். உங்க குரல் வந்ததும் தலையைத் திருப்புறார். ஒன்பது நாளா இந்தப் பக்கம் திரும்பாத தலை. சரின்னு காதுகிட்ட வெச்சேன். அப்ப இவங்க கேட்டாங்கல்ல, உங்க புருஷன் எப்படி இருக்கார்னு. அவ்வளவுதான், தொண்டையிலேருந்து ஒரு சத்தம். வலிக்குதோன்னு பயந்துட்டேன். அப்புறம் பாத்தா இடது கையால என் போனைக் காட்டுறார். மறுபடி போடுங்கிறார். அந்த ஒரு துண்டு யாரோ அனுப்பியிருந்தாங்க, அதையே போட்டேன். எட்டு தடவை போட்டிருப்பேன் நேத்து. காலையிலயும் ராத்திரி டியூட்டிப் பொண்ணைக் கேட்டிருக்கார், அவளுக்குத்தான் புரியல."

வெர்லீன் தன் பையின் கொக்கியைத் திறந்தாள், மூடினாள். நேற்று அந்த நேரத்தில் அவள் கீழே சாப்பிடப் போயிருந்தாள்.

எம்மெட்டின் கண் கோர்ட்லேண்ட் மேல் நின்றது. இடது கை போர்வையிலிருந்து எழும்பி, நர்ஸின் சட்டைப்பையைக் காட்டியது.

"இதோ கேக்குறாரு பாருங்க. ஆளே நேர்ல வந்தாச்சு, இன்னும் அதே வேணுமாம்" என்று டெல்ஃபின் சிரித்துக்கொண்டே போனை எடுத்தாள். ஜெனோபியாவின் பக்கத்தைத் திறந்தாள். மேலே இருந்தது பத்து நிமிஷம் முன்பு போட்டது. வண்டி நிறுத்துமிடமும் ஜெனோபியாவின் முகமும். "புதுசா ஒண்ணு போட்டிருக்கீங்களே, இதைப் போடவா?"

வெர்லீன் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். டெல்ஃபினின் கட்டைவிரல் திரைக்கு மேல் இருந்தது.

கோர்ட்லேண்ட் அந்தப் போனின் மேல் தன் உள்ளங்கையை வைத்து மூடினார்.

"வேண்டாம்மா. நான் இருக்கும்போது மெஷின் எதுக்கு." கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எம்மெட்டின் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் எடுத்துக்கொண்டார். காதோடு சொல்லவில்லை. அறுபது பேர் பாட்டுக்குழுவைக் கடைசி வரிசைவரை அதட்டும் அந்தக் குரலில், நடைபாதைக்கே கேட்கும்படி சொன்னார்: "நான் உன் புருஷன், எம்மெட். நீ என் புருஷன். இத்தனை நாள் சொல்லாததுக்கு என்னை மன்னிச்சுடு."

எம்மெட்டின் இறங்காத பாதி முகம் அழுதது. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது வலி இல்லை என்று இப்போது எல்லோருக்கும் தெரிந்தது.

கோர்ட்லேண்ட் திரும்பாமலே, "ஜெனோபியா, நீ இப்ப போட்டதை எடுத்துடு" என்றார்.

"எடுத்தா உங்களை வெளிய..."

"நான் உள்ள வந்தாச்சு. வெளிய அனுப்பணும்னா தூக்கிட்டுத்தான் போகணும். இவர் பாக்க என்னைத் தூக்கட்டும்."

அவரை வெளியே அனுப்பக்கூடிய வெர்லீன் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். தம்பியின் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே போனாள். ஜெனோபியாவும் பின்னால் போனாள். காவல்காரரைக் கூப்பிடப் போகிறாள் என்றுதான் நினைத்தாள். வெர்லீன் நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்தாள். ஜெனோபியா சுவரோரமாக நின்று போனை எடுத்து, இருபது நொடிப் பொய்யை நீக்கினாள்.

"எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேம்மா."

வெர்லீனின் பைக்குள் போன் அடித்தது. எடுத்துப் பெயரைப் பார்த்தாள். நாலைந்து தடவை அடிக்கவிட்டு, பிறகு காதில் வைத்தாள். ஊரிலிருந்து அவள் கணவர்தான் என்று குரல் பணிந்ததிலேயே தெரிந்தது.

"சொல்லுங்க. ஆமா, எடுத்துட்டா. நானும் பாத்தேன்." கொஞ்ச நேரம் கேட்டாள். "உள்ளதான் இருக்கார். இல்ல, நான் போகச் சொல்லல. சொல்லப் போறதும் இல்ல." கண்ணை மூடிக்கொண்டாள். "ஏன்னு மட்டும் கேக்காதீங்க. கேட்டீங்கன்னா நான் சொல்லிடுவேன்."

மறுமுனையில் சத்தமே இல்லை. கடைசியில் அந்தப் பக்கமிருந்து மெல்லிய குரலில் ஏதோ ஒரு கேள்வி வந்தது. வெர்லீன் கண்ணைத் திறந்தாள்.

"சாப்பாடா?" என்றாள். "கீழ கேன்டீன்ல சாப்பிட்டேன். உப்பே இல்ல."